ஒரு பழுது மிச்சம்

அந்த மனிதருக்குத் தொழில் தெரியாது என்றுதான் நான் முதலில் நம்பினேன். நம்பியதோடு சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. பெண்டஹாரா சாலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து புக்கிட் காதில் என்ற ஊரின் மரவள்ளித் தோட்டம் வரைக்கும், லாரியை நிறுத்திய இடத்திலெல்லாம் சொன்னேன்: "காஜா பேராங்குல ஒரு மெக்கானிக் இருக்காரு. பத்து பழுதோட வண்டியை விட்டா ஒன்பதைச் சரி பண்ணித் தருவாரு. பத்தாவதை ஞாபகார்த்தமா நீயே வச்சுக்கன்னு அனுப்பிடுவாரு." கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி போதாது என்று அதையும் சேர்த்து நம்பினேன்.

மலாக்காவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். நான் பெண்டஹாரா சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தரிடம் லாரி டிரைவர். அரிசி கண்ணில் படாத காலமாகையால் புக்கிட் காதிலிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்து கடையில் இறக்குவது என் வேலை. பெட்ரோல் என்பது மூக்குக்கு மட்டும் ஞாபகமிருந்த பொருள். லாரியின் முதுகில் ஒரு தகர உலையைக் கட்டி, அதில் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டினோம். வண்டி ஓட்டுகிறேனா, இட்லி அவிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். எஞ்சின் எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெய். டயருக்குள்ளே காற்றுக்குப் பதில் கயிறு.

வெயில் காலத்தில் இந்தக் கூத்து எப்படியோ நடந்துவிடும். வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால்தான் வண்டிகளுக்குச் சாவு. கரி நனைந்து புகையுமே தவிர எரியாது. தீப்பொறி போகிற வயரில் ஈரம் ஏறினால் எஞ்சின் இருமிக்கொண்டே கிடக்கும். குளிர்ந்த காலையில் செம்பனை எண்ணெய் நெய்போல உறைந்து, ஹேண்டிலைச் சுழற்றுகிறவன் தோள்பட்டை கழன்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக ஓடுகிற வண்டி எதையும் ஜப்பான்காரன் விட்டுவைக்கவில்லை. வண்டியை எடுத்தால் டிரைவரையும் சேர்த்து எடுத்தான். போன இடம் சயாம், ரயில் பாதை போடுகிற காடு. போனவன் எவனும் திரும்பி வந்து, அங்கே சாப்பாடு எப்படி என்று சொன்னதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்தவனுக்கு வந்த வியாதி நமக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

அவர் கொட்டகை காஜா பேராங்கில், மலாக்கா செட்டிகளின் கம்பத்துக்கு, அதாவது குடியிருப்புக்கு, திரும்புகிற முனையில் இருந்தது. அவரும் செட்டிதான். கோயில் நம்முடையது, நெற்றியில் நீறு நம்முடையது, பெயரும் நம்முடைய சாமி பெயர். பேச்சு மட்டும் மலாய். அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும். நான் அவரை 'அபாங்' என்பேன், மலாயில் அண்ணன். அவர் என்னை 'டிரெபார்' என்பார். மலாய் வாயில் டிரைவர் அப்படித்தான் வரும். நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அது. பெலும். 'இன்னும் இல்லை' என்று அர்த்தம்.

"அபாங், வண்டி ஆச்சா?"

"பெலும்."

"சாப்பிட்டாச்சா?"

"பெலும்."

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாராவது புது ஆள் விவரம் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிடுவான். அதற்கும் அதே முகம், அதே குரல்: "பெலும்."

ஒல்லி ஆள். சாரோங்கை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தோளில் ஒரு கோணிச்சாக்கு. வண்டி உள்ளே வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்பவர் மாதிரி இருக்கும். அப்புறம் கண்ணைத் திறந்து, எங்கே வலி என்று சரியாக அந்த இடத்தில் விரலை வைப்பார். இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டும் தொழில் தெரியாது என்று சொன்னேன் என்றால் என் அறிவின் ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

மழை நாட்களில் எஞ்சின் பிளக்குகளைக் கழற்றி, வீட்டுக்குள் எடுத்துப் போய் அடுப்பில் சட்டியை வைத்து வறுப்பார். ஈரம் போகவேண்டுமாம். அக்கா, அதாவது அவர் மனைவி, கரண்டியோடு வாசலுக்கு வந்து சண்டை பிடிப்பாள்.

"இந்தச் சட்டியில நான் மீன் வறுக்கிறதா, உன் லோரிக்காரனுங்க பல்லை வறுக்கிறதா?"

"மீன் இருக்கா?"

"பெலும்," என்பாள் அவளும்.

"அப்ப பல்லு வேகட்டும்."

அவர் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. மழை தொடங்கினால் புருஷனும் பெண்டாட்டியும் தரையில் படுத்துக்கொண்டு, கட்டில் மேல் எங்கள் வண்டிகளுக்கான கரி மூட்டைகளை அடுக்கிவைப்பார்கள். தரை ஈரம் கரிக்கு ஆகாது என்பார். மனுஷனுக்கு ஆகுமா என்று நான் கேட்டதில்லை. கரி எனக்கு வேண்டியிருந்தது.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவன் விட்டுச்சென்ற மோட்டார் புத்தகம் ஒன்றும் அவரிடம் இருந்தது. படம் பார்த்தே பாதி மனப்பாடம். நான் இங்கிலீஷ் ஆறாம் வகுப்பு. ஊரில் எட்டாம் வகுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால் என்னைப் பிடித்து உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். 'பனிக்காலத்தில் மோட்டார் வண்டியைப் பேணுதல்' என்று ஒரு அத்தியாயம்.

"ராத்திரியில வண்டியைக் கம்பளியால மூடணும்னு போட்டிருக்கு அபாங். பனி கொட்டுமாம்."

"பனின்னா?"

"வானத்துலேருந்து ஐஸ் விழும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கு அவனுங்க இங்க வந்தானுங்க?"

பிறகு, "பனின்னு வர்ற இடத்துல எல்லாம் மழைன்னு மாத்திப் படி," என்றார். அப்படியே படித்தேன். உறைந்த எண்ணெயை இறக்கிச் சூடாக்கித் திரும்ப ஊற்று என்று புத்தகம் சொன்னது. அடுத்த மழைக் காலையில் அக்காவின் அடுப்பில் செம்பனை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கம்பளிக்குப் பதில் கோணி. வயர்களை மூடு என்று சொன்னதற்குத் தேன்மெழுகைத் தடவி, பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினார். பனியே விழாத ஊரில் பனிக்கால வைத்தியம் செய்துகொண்டு மலாக்காவின் வண்டிகளை ஓடவைத்தார். ஓடவைத்தார் என்றால், ஒரு பழுது மிச்சம் வைத்து.

அங்கேதான் எனக்கு எரிச்சல். ரொட்டிக்காரன் வேன் இரண்டாம் கியருக்கு மேல் ஏறாது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸரின் கார் வீடு பற்றி எரிவது மாதிரி புகை விடும். என் லாரிக்கு இழுவையே கிடையாது; மழை விழுந்தால் மேட்டில் மூச்சு வாங்கி, இருமி, நின்றுவிடும். எல்லா வண்டியும் அவர் பார்த்தவைதான். எல்லாவற்றிலும் மற்றதெல்லாம் கச்சிதம், ஒன்று மட்டும் கோளாறு.

ஒரு நாள் டிரெஸ்ஸர் ஓடிவந்தார். புக்கிட் பாருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அபாங் பானெட்டுக்குள் கையை விட்டார். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான். புகை நின்றது. கார் அம்பு மாதிரி போயிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். டிரெஸ்ஸர் திரும்பிவந்ததும் அபாங் மறுபடியும் கையை விட்டார். மறுபடியும் வீடு பற்றி எரிந்தது. டிரெஸ்ஸர் நன்றி சொல்லிவிட்டுப் புகையோடு போனார்.

இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் எடுத்த முடிவு இது: பாவம், தற்செயலாகச் சரியாகிவிட்டது, எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் காவல் குடிசைக்கு எதிரே என் லாரி நின்றது. புக்கிட் காதில் பாதையில் ஜப்பான் சிப்பாய் நிற்கிற இடம். இறங்கிக் குனிந்து வணக்கம் சொல்லாவிட்டால் கன்னத்தில் விழும். மழைத் தண்ணீர் கண்ணை மறைத்தது. குடிசைக்குள் ஆள் நிழல் தெரிந்தது. இடுப்பு ஒடியக் குனிந்தேன். பதில் இல்லை. இன்னும் பணிவு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் குனிந்தேன். மூன்றாவது தடவை நெற்றி முழங்காலில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தால், அது ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டு. கோட்டுக்குச் சொந்தக்காரன் எனக்குப் பின்னால் மரத்தடியில் நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோட்டுக்கு மூன்று வணக்கம் வைத்ததற்கு அவனிடம் மூன்று அறை வாங்கினேன். கணக்கில் நாணயமான ஆள். பிறகு லாரியைச் சுற்றிவந்தான். ஹேண்டிலைச் சுழற்று என்று சைகை காட்டினான். சுழற்றினேன். லாரி இருமியது. டயரை உதைத்தான், காறித் துப்பினான், போ என்று கையை வீசினான். கூலியாட்கள் இருவரோடு நான் லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னால் இன்னொரு லாரி ஜம்மென்று வந்தது. அதை நிறுத்தி ஓரமாக ஒதுக்கினார்கள். டிரைவர் இறங்கி நின்றார். அன்று நான் நினைத்தது: கொடுத்துவைத்தவன், தள்ளாமலே ஓடுகிறது. அந்த டிரைவரை அப்புறம் ஊரில் பார்க்கவில்லை.

நேரே காஜா பேராங் போனேன்.

"அபாங், வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. என்னைக் கொல்லாதீங்க."

ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அடிச்சானா?"

"அடிச்சான்."

"வண்டியைப் பாத்தானா?"

"பாத்தான். காறித் துப்பினான்."

"வண்டி மேலயா, உன் மேலயா?"

"வண்டி மேல."

"அப்ப வண்டி நல்லா இருக்கு," என்றார்.

கொதித்துப்போய் கடைக்கு வந்து முதலாளியிடம் கொட்டினேன். ராவுத்தர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தம்பி, அந்த மனுசன் கை வச்ச வண்டி எதாச்சும் காணாமப் போயிருக்கா? சொல்லு பாப்போம்."

"காணாமப் போறதுக்கு அது மொதல்ல ஓடணுமே முதலாளி!"

என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். ராவுத்தர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா, இவனுக்கு வாயை மட்டும் குடுத்துட்டியே," என்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "போ, போய்க் கெழங்கை எறக்கு," என்று முடித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லா மோட்டார் வண்டிகளையும் வியாழக்கிழமை திடலுக்குக் கொண்டுவர வேண்டும். ஓடும் வண்டிக்குப் பாஸ் தரப்படும். வேண்டுமென்றே வண்டியைக் கெடுத்து வைத்திருப்பவன் நாசவேலைக்காரன், அவனுக்குக் கடும் தண்டனை. கீழே பெரிய சிவப்பு முத்திரை.

முத்திரையைக் கண்டால் நம்பிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. 'பாஸ்' என்ற சொல்லைப் படித்தேன், இனிமேல் எந்தக் கோட்டுக்கும் குனிய வேண்டாம் என்று தோன்றியது. 'தண்டனை' என்ற சொல்லைப் படித்தேன், கழுத்து தானாகவே உள்ளே போயிற்று. வீட்டில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். இருமுகிற லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, நாசவேலைக்காரன் என்று என் தலையை எடுத்துவிட்டால்?

அபாங்கிடம் போனேன். "வியாழக்கிழமை காலையில வண்டியை இங்க கொண்டா. நான் பாத்தப்புறம் திடலுக்குப் போ," என்றார்.

"சரி பண்ணிடுவீங்களா?"

"பெலும்."

"பெலும்னா எப்பத்தான்?"

"அவனுங்க கப்பல் ஏறட்டும். அன்னைக்கே பண்ணித் தரேன்."

ஒரு மனிதன் இதைவிட எப்படி விளக்கமாகச் சொல்ல முடியும்? வேலை செய்யாதவன் சொல்லுகிற சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் நான் காஜா பேராங் போகவில்லை. வீட்டு வாசலிலேயே லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரி உலையிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றினேன். இரண்டு குழாய் சேருகிற இடத்தில் ஒரு தகர வட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. பால் டின்னில் வெட்டியது. நடுவில் மிளகு போகிற அளவுக்கு ஒரு துளை. லாரியின் மூச்சு அந்தத் துளை வழியாகத்தான் போய்வந்திருக்கிறது. விளிம்பெல்லாம் அரத்தால் ராவி வழவழவென்று இருந்தது. தவறி விழுந்த தகரத்துக்கு யாரும் விளிம்பு ராவுவதில்லை. அந்த யோசனை எனக்கு வரத்தான் செய்தது. வந்து, என் பயத்தைப் பார்த்து, மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டது.

தகரத்தைச் சட்டைப் பையில் போட்டேன். அவர் சொல்லிக்கொடுத்தபடி எண்ணெயைச் சூடாக்கி ஊற்றினேன். அவர் கட்டில் மேலிருந்து வந்த காய்ந்த கரியைப் போட்டேன். அவர் மெழுகு தடவிய வயர்களில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஹேண்டிலை ஒரே ஒரு சுற்று. லாரி சிங்கம் மாதிரி எழுந்தது. கொட்டுகிற மழையில் மேட்டைக் கடந்தேன், பாட்டுப் பாடிக்கொண்டே. எவ்வளவு பெரிய மெக்கானிக் நான்!

திடலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ரொட்டிக்காரன் வேன் முனகியது. டிரெஸ்ஸர் கார் புகைந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயோடு. ஜப்பான் அதிகாரி குடைக்கடியில் நடந்து ஒவ்வொன்றையும் பார்த்து, முகத்தைச் சுளித்து, மேலே போய்க்கொண்டிருந்தான். யாரும் யார் தலையையும் எடுக்கவில்லை. நோயாளி வண்டிகளைத் திட்டி வீட்டுக்கு அனுப்பினான், அவ்வளவுதான். திடல் ஓரத்தில் கோணிச்சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு அபாங் நின்றிருந்தார். எனக்காகக் கொட்டகையில் காத்திருந்து பார்த்துவிட்டு நடந்தே வந்திருக்கிறார். என் லாரி வருகிற சத்தத்தை அவர் காது தூரத்திலேயே கேட்டிருக்கும். நான் உள்ளே நுழைந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. லாரியையே பார்த்தார்.

அதிகாரி கை தட்டினான். ரொட்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். டிரெஸ்ஸர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வரிசையில் நன்றாக ஓடிய ஒரே வண்டி என்னுடையது. விஷயம் தெரியாத ஒரே ஆளும் நான்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிவதற்கு அதைவிட மோசமான இடம் மலாக்காவில் கிடையாது.

அதிகாரியோடு ஒரு துபாசி இருந்தான். ஜப்பான் பேச்சை நமக்குச் சொல்லுகிறவன். என்னிடம் வந்தான்.

"இந்த மழையில இப்படி ஓடுதே, யார் பாத்த வேலைன்னு ஐயா கேக்குறாரு. நீயா? லோரி சயாம் போகுது. கூடவே வேலை தெரிஞ்ச ஆளும் வேணும். நீதான்னா ஏறிக்க."

அடுத்து நடந்ததை இத்தனை வருஷமும் நான் ஒரே மாதிரிதான் சொல்லி வந்திருக்கிறேன். துபாசிக்கு அபாங்கை முன்பே தெரியும், துபாசிதான் காட்டிக்கொடுத்தான். அப்படித்தான் சொல்லுவேன். எப்படியோ, அவரைக் கூட்டிவந்து லாரிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"ஓட்டத் தெரியுமா?"

தெரியும் என்று அபாங் தலையை ஆட்டினார். அப்படியானால் டிரைவர் தனியாக எதற்கு என்று அதிகாரி சொன்னான். அதாவது நான் எதற்கு என்று.

"வண்டி தூரம் போகத் தயாரான்னு கேக்குறாரு."

அவர் அவசரப்படவில்லை. பானெட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"பெலும்."

அதற்கு ஒரு அறை விழுந்தது. பிறகு அவர் என் பக்கம் வந்து கையை நீட்டினார். "டிரெபார், அந்தத் தகரம்?"

எடுத்துக் கொடுத்தேன். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"அக்காகிட்ட சொல்லு," என்றார். "சட்டியை இனிமே மீனுக்கே வச்சுக்கச் சொல்லு."

லாரி போயிற்று. எங்காவது வழியில் அந்தத் தகரத்தை மறுபடியும் குழாயில் போட்டிருப்பார், லாரி இருமி நின்றிருக்கும், காறித் துப்பித் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு மாதம் நம்பினேன். நம்புவதில் எனக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

அன்றே அக்காவிடம் போய்ச் செய்தி சொன்னேன். அவள் அழவில்லை. "யார் காட்டிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

"துபாசி."

ராவுத்தர் லாரி போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவர் தானாகச் சொன்னார். "எல்லா வண்டிக்காரனுக்கும் சொல்லித்தான் வச்சிருந்தாரு. ஒனக்கு மட்டும் வேணாம்னாரு. 'அவன் நல்லவன்தான், ஆனா வாயில வாஷர் கிடையாது, எல்லாம் ஒழுகிடும்'னாரு. நானும் சரின்னுட்டேன்." பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "நாம சொல்லியிருக்கணும் தம்பி. சொல்லியிருக்கணும்." குற்றத்தில் பாதியை அவர் எடுத்துக்கொள்ள வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாதம் நிறைந்து எனக்கு மகன் பிறந்தான். ஜப்பான்காரன் கப்பல் ஏறினான். ஊர் அந்தத் துபாசியைப் பிடித்து அடித்தது. மற்ற குற்றங்களோடு என் அபாங்கின் பெயரையும் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். நானும் ஒரு அடி போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்பார்களே.

செட்டிகள் வீட்டில் போகியன்று பார்ச்சு என்று ஒன்று செய்வார்கள். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள். சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பிய முதல் வருஷம், அக்கா மாமனாருக்கு இலை போட்டாள், மாமியாருக்குப் போட்டாள். "அபாங்குக்கு?" என்று அவள் தங்கை கேட்டாள். "பெலும்," என்றாள் அக்கா. அடுத்த வருஷமும் பெலும். அதற்கும் அடுத்த வருஷம், சயாமில் அபாங்கோடு கூட இருந்த ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அங்கே மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பழுது பார்த்துக்கொண்டிருந்த லாரிக்கு அடியிலேயே கிடந்து இறந்துபோனார் என்று சொன்னார். அந்தப் போகிக்கு மூன்றாவது இலை விழுந்தது. அந்தச் சட்டியில் வறுத்த மீன் அதில் இருந்தது.

அதிலிருந்து வருஷா வருஷம் அக்கா என்னைக் கூப்பிடுகிறாள். ஊரில் கடைசியாக அவரோடு பேசியவன் நான்தானாம். அவர் இலைக்குப் பக்கத்தில் எனக்கு இலை. பெரிய மீன் துண்டு எனக்கு. நான் கோட்டுக்கு வணக்கம் வைத்த கதையைச் சொல்லச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன். இப்போது பத்து வணக்கம் வரைக்கும் வந்திருக்கிறது. அப்போது வயிற்றில் இருந்த என் மகன்தான் இப்போதெல்லாம் என்னைக் காரில் கொண்டுபோய் அங்கே விடுகிறான்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பெயரை எழுதாததால், படித்துச் சொல்லுகிறவனும் யாரைப் பற்றி என்று சொல்ல முடியாது. என் துணிச்சலைப் பாராட்ட நினைக்கிறவர்கள் இதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளவும்.

துபாசிக்கு அவரைத் தெரியாது. அதற்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை. "நீயா?" என்று கேட்டான். நான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, வலது கையை நீட்டி, கோணிச்சாக்கு போர்த்தி நின்றவரைக் காட்டினேன். யாரும் என்னை அடிக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்கக்கூட இல்லை.